கப்டனின் குரலில் அப்பா

போன மாதம் புரோசார்ட் மண்டபத்தில் நடந்த, நம்மில் ஒருவருடைய ஐம்பதாவது பிறந்தநாள் விழாவில் நான் சாப்பாட்டுக்கு முன்பே எழும்பிப் போய்விட்டேன் என்று உங்களில் சிலருக்கு மனத்தாங்கல். தலையிடி என்று நான் சொன்னது பொய். மேசையில் யாரோ அந்தப் பழைய விண்கப்பல் தொடரைப் பற்றிக் கதை எடுத்தீர்கள். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து பார்த்தது, பிரெஞ்சு தெரியாமலே வசனங்களைப் பாடமாக்கியது, எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. ஒருவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, கப்டனின் குரலில் கட்டளை கொடுத்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பிறகு என்னால் அங்கே இருக்க முடியவில்லை.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை எனக்குத் தெரியும். அவரைக் கொண்டு என் அப்பாவுக்கு நான் செய்த ஒன்றை உங்களில் ஒருவருக்கும் சொன்னதில்லை. என்னோடு சிறு பிள்ளைகளாக, பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தில் வந்திறங்கியவர்கள் நீங்கள். உங்களுக்கு விளங்கும் என்பதால்தான் எழுதுகிறேன். மன்னிப்பீர்களா என்பது வேறு விசயம்.

நாங்கள் இந்த நகரத்தின் லாசால் பகுதிக்கு வந்து இரண்டாவது குளிர்காலம் அது. எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு எட்டு. மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. யூலை முதலாம் திகதி இந்த ஊரே வீடு மாறும் அல்லவா, அன்று தெருவோரத்தில் யாரோ விட்டுப்போன தொலைக்காட்சிப் பெட்டியை அப்பாவும் மேல்வீட்டு மாமாவும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேற்பலகையில் மெழுகுதிரி சுட்ட வட்டம் ஒன்று இருந்தது. போட்டுக் கால் மணி நேரத்தில் சூடேறி, உள்ளே இருந்த தூசி வறுபடும் மணம் வரும். அந்த மணம் வந்தால்தான் எனக்கும் தம்பிக்கும் படம் தொடங்கியது மாதிரி.

தெளிவாக வந்தது ஒரேயொரு பிரெஞ்சு அலைவரிசை. நாலு மணிக்கு விண்கப்பல். சனிக்கிழமை மத்தியானம் உளவாளி. இரண்டுமே எங்களுக்கு முந்திய காலத்தில் ஆங்கிலத்தில் எடுத்து, பிறகு இங்கே பிரெஞ்சுக் குரல் கொடுத்தவை. அது அப்போது எங்களுக்குத் தெரியாது. வேற்றுக் கிரகத்துப் பாறைகள் மட்டையில் செய்தவை என்று தம்பிக்கே தெரிந்தது, ஒருமுறை கப்டன் சாய்ந்தபோது பாறை ஆடியது. உளவாளியின் தொப்பிக்குள் வானொலி இருந்தது. எத்தனை பேரோடு அடிபட்டாலும் அவருடைய தலைமயிர் கலையாது. வாய் அசைவும் சொல்லும் பொருந்தாததை நாங்கள் குறையாக எடுக்கவில்லை. வெள்ளைக்காரர் அப்படித்தான் கதைப்பார்கள் என்று நினைத்தோம். அப்பாதான் ஒரு சனிக்கிழமை எங்களோடு இருந்து பார்த்துவிட்டு, இந்த மனுசன் வாயை மூடின பிறகும் கதைக்கிறான் என்றார். அம்மா குசினிக்குள் இருந்து சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

கப்டனுக்கும் உளவாளிக்கும் முகம் வேறு, குரல் ஒன்று என்பதைக் கண்டுபிடித்தது நான். இருவரும் அண்ணன் தம்பியாக இருக்கும் என்று தம்பி சொன்னான். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தக் குரல் கனமானது, ஆனால் அவசரமில்லாதது. ஒவ்வொரு சொல்லையும் முழுதாக விட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும். புதிதாக வந்த பிள்ளைகளுக்கான வரவேற்பு வகுப்பில் ஆசிரியை சொல்லித்தந்ததை விட அந்தக் குரலிடம்தான் நான் பிரெஞ்சு கற்றேன். ஒருநாள் ஆசிரியை பென்சில் கேட்டபோது, உத்தரவு, கட்டளைத் தளபதி அவர்களே என்று பதில் சொன்னேன். வகுப்பு முழுவதும் சிரித்தது.

அப்பா இங்கே உடுப்புத் தொழிற்சாலை ஒன்றில் இஸ்திரி போடும் பகுதியில் நின்றார். வீட்டுக்கு வரும்போது அவரில் நீராவியும் சூடான துணியும் மணக்கும். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். காணிச் சண்டை, கலியாணச் சிக்கல், எதுவென்றாலும் ஆட்கள் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்களாம், அவர் கதைத்தால் காரியம் முடியும் என்று. இங்கே வந்தபிறகு தெருமுனைத் தெப்பனேர்க் கடையில் பால் வாங்கும்போதுகூட விரலால் காட்டினார். ஆனால் விட்டுவிடவில்லை. கிழமையில் இரண்டு நாள் வேலை முடிந்து பிரெஞ்சு வகுப்புக்குப் போனார். ஒரு நீல மட்டைக் கொப்பியில் பிரெஞ்சு வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார், முதல் வரி 'வி' என்றால் ஓம். காலையில் சவரம் செய்யும்போது அதைக் கண்ணாடிக்குக் கீழே சாத்திவைத்து உரத்து வாசிப்பார். தொண்டைக்குள் உருளும் அந்த 'ர' சத்தத்துக்காகச் செருமிச் செருமிப் பழகுவார்.

மார்கழி தொடக்கத்தில் அம்மா என்னைச் சுப்பர்மார்க்கெட்டுக்குக் கோதுமை மா வாங்க அனுப்பினா. நான் மா அடுக்கிய இடத்தில் நிற்கும்போது கூரையில் இருந்து கப்டன் பேசினார். கோழிக்கால் இன்று மலிவு என்றார். கிரகங்களைக் காப்பாற்றும் அதே நிதானத்தோடு, கோழிக்காலுக்குப் பிறகு பாற்கட்டி, பாற்கட்டிக்குப் பிறகு கடதாசிக் கைதுடைப்பான். நான் மாவை அணைத்தபடி குரல் வந்த திசையைத் தேடிக்கொண்டு போனேன்.

வாசலுக்குப் பக்கத்தில் வாடிக்கையாளர் மேசை இருந்தது. வெற்றுப் போத்தலைத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்குபவர்கள், முறைப்பாடு சொல்பவர்கள் எல்லாம் அங்கேதான் போவார்கள். மேசைக்குப் பின்னால் கடையின் சிவப்பு ஏப்ரன் கட்டிய குள்ளமான மனிதர், தலையில் மயிர் இல்லை, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஒலிவாங்கியை அணைத்துவிட்டு என்ன வேண்டும் என்று கேட்டார். நீங்கள்தான் கப்டன் என்றேன். அவர் கண்ணாடியை மாட்டி என்னைப் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாருக்கும் சொல்லாதே, நான் பூமியில் மறைந்து வாழ்கிறேன் என்றார்.

அன்று தொடங்கி வாரத்தில் மூன்று நான்கு நாள் அந்த மேசையடிக்குப் போனேன். அவர் தனியாக இருந்தவர். இருபது வருடத்துக்கு முன்னர் நகரத்து இருட்டறை ஒன்றில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, திரையின் கீழே ஓடும் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துக் குரல் கொடுத்தாராம். திரையில் இருப்பவன் ஓடினால் இவர் நின்ற இடத்தில் மூச்சுவாங்க வேண்டும். அவன் தண்ணீருக்குள் விழுந்தால் இவர் கோப்பைத் தண்ணீரைக் கொப்பளிக்க வேண்டும். வாய் மூடும் இடத்தில் மூடும் எழுத்து, திறக்கும் இடத்தில் திறக்கும் எழுத்து. முகத்தைப் பார்த்தாலே அது என்ன சொல்லுகிறது என்று எனக்குத் தெரியும் என்பார். பிறகு இளம் குரல்கள் வந்தன, வேலை குறைந்தது, கடைக்கு வந்துவிட்டார்.

கப்டனாக நடித்த அமெரிக்க நடிகரை ஒரேயொரு முறை சந்தித்திருக்கிறார். அந்த நடிகர் ஒரு ஹோட்டலுக்கு வந்து இரசிகர்களுக்குப் படத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். இவரும் வரிசையில் நின்றார். முறை வந்ததும், தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில், நான்தான் உங்கள் குரல் என்றார். நடிகர் தலையை ஆட்டி, படத்தில் 'உங்கள் குரலுக்கு, அன்புடன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். 'உங்கள் குரல்' என்பதுதான் என் பெயர் என்று அவர் நினைத்துவிட்டார் போல என்று இவர் சொல்லிச் சிரித்தார். அந்தப் படத்தை மேசை லாச்சிக்குள்தான் வைத்திருந்தார். நடிகரின் தலையில் பொய்மயிர் ஒட்டியிருந்தது படத்திலேயே தெரிந்தது.

முதல் தொலைபேசி அழைப்பு என் சோம்பலால் வந்தது. பள்ளிக்கூடத்தில் என்னைப் பின்னேரப் பிரெஞ்சு வகுப்பில் சேர்த்துவிட்டார்கள், ஐந்து மணி வரைக்கும். விண்கப்பல் போய்விடும். பெற்றோர் கேட்டால்தான் நிறுத்துவார்கள். அப்பாவாக ஒருக்கால் கதைக்க முடியுமா என்று கப்டனைக் கேட்டேன். முடியாது என்றார். நான் மூன்று நாள் கேட்டேன். நாலாம் நாள், உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டார். உயரம், மீசை, கோபம் வந்தால் குரல் குறையும் என்றேன். எங்கள் நீண்ட குடும்பப் பெயரைப் பற்றுச்சீட்டின் பின்பக்கம் துண்டு துண்டாகப் பிரித்து எழுதி, ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்தார். அந்தப் பெயரைப் பிழையில்லாமல் சொன்ன முதல் வெள்ளைக்காரர் அவர்தான். பிறகு தொலைபேசியை எடுத்தார். தோள் பின்னால் போனது. ஏப்ரனுக்குள் ஒரு கப்டன் நின்றார். பள்ளிக்கூடச் செயலாளர் மறுமுனையில் இரண்டு தடவை சிரித்தது எனக்குக் கேட்டது. அடுத்த நாளே என் பெயரை வெட்டிவிட்டார்கள்.

பெரிய மனிதர் ஒருவர் ஒரு பிள்ளைக்காக அப்படிச் செய்திருக்கக்கூடாது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஆனால் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு பாத்திரம் கிடைத்திருந்தது. அது என் அப்பா.

தை மாதம் எங்கள் வீட்டு வெப்பமூட்டி நின்றுபோனது. யன்னல் உட்பக்கம் ஐஸ் பூத்தது. தம்பி இருமத் தொடங்கினான். நாங்கள் நாலு பேரும் குசினியில் அடுப்பைத் திறந்துவைத்து அதற்கு முன்னால் இருந்தோம். அப்பா கட்டட அலுவலகத்துக்கு நீலக் கொப்பியை விரித்துவைத்து மூன்று நாள் தொலைபேசி எடுத்தார். வேலைத்தல இரைச்சலில் இருந்து எடுத்ததோ, அந்தப் பக்கத்தில் நின்றவன் சோம்பேறியோ, 'பார்தொன்?', என்ன சொல்கிறீர்கள், என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். நான் கப்டனிடம் சொன்னேன். இம்முறை அவர் மறுக்கவில்லை. உளவாளியின் குரலில், மிக மரியாதையாக, இன்று மாலைக்குள் என்று ஒரு தடவையும், என் பிள்ளைகள் என்று ஒரு தடவையும் சொன்னார். அவ்வளவுதான். பின்னேரம் இரண்டு பேர் வந்து திருத்திவிட்டுப் போனார்கள்.

அன்று காலை அப்பாவும் தொலைபேசி எடுத்திருந்தார். எனக்கு அது தெரியாது.

இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தபோது அப்பா தான் சொன்ன வசனத்தை எங்களுக்குச் சொல்லிக் காட்டினார். எந்த இடத்தில் குரலை உயர்த்தினார், எந்த இடத்தில் நிறுத்தினார் என்று கையால் காட்டினார். "இண்டைக்கு அவனுக்கு விளங்கிப்போச்சு. விளங்கினபடியாத்தானே வந்தவங்கள்" என்றார். தம்பி கைதட்டினான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அம்மா என்னை ஒருமுறை பார்த்தா. என்ன கண்டாவோ, ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க அவவுக்கும் மனம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அதன் பிறகு வந்த ஐந்தாறு வாரங்களில் இருந்ததுபோல அப்பாவை நான் அதற்கு முன்னும் பின்னும் இந்த ஊரில் கண்டதில்லை. தெப்பனேர்க் கடைக்காரரோடு பனியைப் பற்றிக் கதைத்தார். படியில் எதிர்ப்படும் கிழவிக்குப் பொன்ஜூர் சொல்லிக் கதவு பிடித்தார். மேல்வீட்டு மாமா தன் வேலைக் கடிதத்தோடு வந்து, அண்ணை, நீங்கள் ஒருக்கால் கதைச்சுப் பாருங்கோ என்று கேட்டார். அப்பா கொப்பியை விரித்துக் கதைத்தார். அது சரிவந்தது. இதைச் சொல்லியே ஆக வேண்டும், அதில் கப்டனுக்குப் பங்கில்லை, எனக்கும் பங்கில்லை. அப்பா தானே கதைத்தார், மறுமுனைக்கு விளங்கியது.

இடையில் நான் இன்னுமொரு பிழை செய்தேன். தொடரின் இரண்டு பாகக் கதையொன்றின் கடைசிப் பாகத்தை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போட்டார்கள். கப்டன் பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசி எடுத்து, மகளுக்குக் காய்ச்சல் என்றார்.

மாசி முடிவில் பெற்றோர் சந்திப்பு வந்தது. முதல் வருடம் போல மொழிபெயர்க்க மேல்வீட்டு மாமி கூட வரத் தேவையில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். தொழிற்சாலையில் முன்னேரமே விடுப்பு எடுத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டார். வழி முழுக்க உதடு அசைந்துகொண்டே வந்தது. பள்ளிக்கூட வாசலில் மேசை போட்டுச் செயலாளர் இருந்தா. கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தா. அப்பா அவவுக்கு முன்னால் நின்று, நான் இன்னாருடைய தகப்பன், ஆசிரியையோடு கதைக்க வந்திருக்கிறேன், மகள் நல்லாகப் படிக்கிறாளா என்று அறிய ஆசை என்று மூன்று வசனம் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் பிழையாகப் படவில்லை.

செயலாளர் அவரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, கோப்பைத் திறந்து பார்த்தா. முகம் மாறியது. இப்போது யோசித்தால் அவவில் ஒரு பிழையும் இல்லை. முன்பின் தெரியாத ஓர் ஆண் தகப்பன் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண்பிள்ளையைப் பற்றித் தொலைபேசியில் கதைத்திருக்கிறான். அவ கேட்கத்தான் வேண்டும். என் பக்கம் திரும்பி வேகமாகச் சொன்னா. "உன் அப்பாவிடம் சொல்லு, அவர் சொல்வது எல்லாம் எனக்கு விளங்குகிறது. நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் என்னோடு தொலைபேசியில் பேசியவர் இவர் இல்லை. அது யார்?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்லுறா பிள்ளை?"

தொலைபேசிக் கதை வெளியே வரப்போகிறது, காய்ச்சல் பொய் வரப்போகிறது, வெப்பமூட்டியும் வரப்போகிறது. நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. வாய் தானாகத் திறந்தது.

"நீங்கள் கதைக்கிறது அவவுக்கு விளங்கேல்லையாம்" என்றேன்.

அப்பா திரும்பிச் செயலாளரைப் பார்த்தார். 'விளங்குகிறது' என்ற சொல்லும் 'இல்லை' என்ற சொல்லும் அவருடைய காதிலும் விழுந்திருக்கும். இரண்டும் அவ வாயில் இருந்து வந்தவைதான். அவற்றுக்கு நடுவில் இருந்ததைத்தான் நான் எடுத்துவிட்டேன். அவருடைய கை போய்க் கழுத்துப்பட்டி முடிச்சைத் தொட்டது.

நான் செயலாளர் பக்கம் திரும்பி, தொலைபேசியில் பேசியது என் மாமா, அவர் ரொறன்ரோவுக்குப் போய்விட்டார் என்று பிரெஞ்சில் சொன்னேன். அவ அப்பாவின் அடையாள அட்டையைக் கேட்டா. அப்பா கொடுத்தார். பார்த்து, எழுதி, திருப்பிக் கொடுத்து, மேர்சி முசியே என்று நன்றி சொன்னா. அப்பா பதில் சொல்லவில்லை. உள்ளே ஆசிரியைக்கு முன்னாலும் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆசிரியை சொன்னதை நான் தமிழில் சொன்னேன், அவர் தலையை ஆட்டினார்.

திரும்பி வரும்போது பனி கொட்டியது. பேருந்துக்கு நிற்காமல் நடந்தோம். பாதி வழியில் அப்பா கேட்டார்.

"உனக்கு அவை கதைக்கிறது வடிவா விளங்குதுதானே?"

"ஓம் அப்பா."

"அது காணும்" என்றார்.

பிரெஞ்சு வகுப்புக்கு அதன் பிறகு அவர் போகவில்லை. வேலை கூடிவிட்டது என்று அம்மாவுக்குச் சொன்னார். சில நாளில் நீலக் கொப்பி தம்பியின் கையில் இருந்தது. எழுதிய தாள்களை எல்லாம் ஒழுங்காகக் கிழித்தெடுத்துவிட்டு, மிச்ச வெள்ளைத் தாள்களை அவனுக்குப் படம் கீறக் கொடுத்திருந்தார். தம்பி அதில் விண்கப்பல் கீறினான்.

நான் சுப்பர்மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்தினேன். மூன்று வாரம் கழித்து அம்மா உப்பு வாங்க அனுப்பியபோது கப்டன் என்னைக் கண்டுவிட்டார். ஏன் வருவதில்லை என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். யாரோ போத்தலோடு வந்து நின்றார்கள், அவர் கவனிக்கவில்லை. நான் வந்து உன் அப்பாவிடம் சொல்லுகிறேன், இது என் பிழை என்றார். வேண்டாம் என்று அவருடைய கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

அவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கதவு தட்டும் சத்தம் கேட்டு அப்பா திறந்தார், நான் பின்னால் நின்றேன். ஏப்ரன் இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. கறுப்புக் கோட், மினுக்கிய சப்பாத்து, கையில் கேக் பெட்டி. மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. தொப்பியைக் கழற்றிவிட்டு அப்பாவின் பெயரை முழுதாக, பிழையில்லாமல் சொன்னார். பிறகு பேசினார். தான் ஒரு வயதான முட்டாள் என்றும், அப்பாவின் இடத்தை எடுக்கத் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்றும், பள்ளிக்கூடத்தில் நடந்தது அப்பாவின் பிரெஞ்சின் குற்றம் இல்லை, தன்னுடைய குற்றம் என்றும் சொன்னார். கிரகங்கள் அழியும்போதுகூட அந்தக் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

அப்பா கடைசி வரைக்கும் மரியாதையாகக் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"என்னவாம்? இவற்ற குரல் எங்கையோ கேட்டமாதிரிக் கிடக்கு."

"பிழையான வீட்டுக்கு வந்திட்டாராம்" என்றேன்.

"பாவம், வயசான மனுசன். இவ்வளவு படி ஏறி வந்திட்டார். உள்ளுக்கு வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லு."

நான் கப்டனைப் பார்த்துப் பிரெஞ்சில் சொன்னேன். "போகச் சொல்கிறார். இனி வர வேண்டாம் என்கிறார்."

கப்டன் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா சிரித்தபடி, கதவை இன்னும் அகலமாகத் திறந்து, கையால் உள்ளே காட்டிக்கொண்டு நின்றார். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வாய்க்குச் சொல் பொருத்திய மனிதருக்கு, அந்த முகத்தில் இருந்து அந்தச் சொல் வரவில்லை என்று தெரியாமல் இருக்குமா. அவர் என்னைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பாவுக்குத் தலை குனிந்தார், தொப்பியைப் போட்டார், கேக் பெட்டியோடு படியிறங்கிப் போனார். அப்பா கைப்பிடிச் சுவரால் எட்டி, கீழ்க்கதவு சாத்தும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார், விழுந்துவிடுவார் என்ற பயத்தில்.

கோடையில் சுப்பர்மார்க்கெட் கூரையில் இருந்து ஓர் இளம்பெண்ணின் குரல் வந்தது. கப்டன் எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை. பெயரும் கேட்டு வைத்ததில்லை.

மற்றதை நீங்கள் அறிவீர்கள். என் அப்பாவுக்கு நான்தான் வாய் என்று ஊரெல்லாம் சொல்லும். வங்கி, வைத்தியசாலை, வரிப் படிவம், குடியுரிமை நேர்காணல், எல்லாவற்றுக்கும் நான் கூடப்போனேன். எப்பேர்ப்பட்ட மகள் என்று உங்கள் அம்மாமார் உங்களுக்கு என்னை உதாரணம் காட்டினார்கள். அவருக்கு அந்தப் பாசை வராது பிள்ளை என்று என் அம்மா சாகும் வரைக்கும் நம்பினா. வேலைத்தலத்தில் மேற்பார்வையாளராக ஆக்கக் கேட்டபோது அப்பா மறுத்தது எனக்குத் தெரியும். ஆட்களோடு கதைக்க வேணும், அது நமக்குச் சரிவராது என்றார். அதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போது எனக்கு இருபது வயது. சொல்லியிருக்கலாம்.

அப்பாவுக்கு இப்போது எண்பத்துமூன்று. இரண்டு வருடமாக லாசாலிலேயே முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நினைவு தெளிவு, முழங்கால்தான் சரியில்லை. அங்கே தமிழர் ஒருவரும் இல்லை. பணிப்பெண்கள் வந்து பேசுவார்கள், அவர் கையைக் காட்டுவார், நான் போகும் வரைக்கும் காத்திருப்பார். அந்தப் பிறந்தநாள் விழாவுக்கு அடுத்த நாள் போய், கதிரையை இழுத்துப்போட்டு, ஒன்றையும் விடாமல் சொன்னேன். முப்பத்தெட்டு வருடம் பிந்தி.

முடிந்த பிறகு அவர் யன்னல் பக்கம் திரும்பினார். தொலைபேசியைப் பற்றிக் கேட்பார், வெப்பமூட்டியைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"அப்ப அந்த மனுசிக்கு நான் கதைச்சது விளங்கினதோ?"

"ஓம் அப்பா."

"மூண்டு வசனமும்?"

"மூண்டும். நல்லாக் கதைக்கிறார் எண்டு சொன்னவ."

என் கையை எடுத்துத் தன் மடியில் இருந்து அப்பால் வைத்தார். "நீ இப்ப போ" என்றார். குரல் குறைந்திருந்தது.

இரண்டு கிழமை அவர் என்னோடு பேசவில்லை. நான் போவேன், சாப்பாட்டைத் திறந்து வைப்பேன், அவர் சாப்பிடுவார், நான் வருவேன். இதை நான் முறையிடவில்லை. அந்தக் கோபம் எனக்குரியது, தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை இல்லத்து வைத்தியர் வந்தா. இளம் பெண், பிரெஞ்சு மட்டும்தான். வழக்கம்போல என்னைப் பார்த்து, அப்பாவுக்கு எங்கே நோகிறது என்று கேட்டா. நான் அப்பாவின் பக்கம் திரும்புவதற்குள் அவர் கதிரையில் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார். பிரெஞ்சில் ஒரு வசனம் வந்தது. பழைய கொப்பியின் வசன அமைப்பு, முழங்கால் என்று சொல்ல வந்து தோள் என்று சொல்லிவிட்டார். வைத்தியருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தா. அந்தச் சரியான சொல் என் நாக்கின் நுனியில் இருந்தது. நான் நிலத்தைப் பார்த்தேன்.

அவர் இன்னொரு முறை சொன்னார். அதுவும் சரிவரவில்லை. வைத்தியர் பேனாவை வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் குந்தினா. மூன்றாம் முறை அவர் சொல்லத் தொடங்கினார். எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது, நடைபாதையில் சாப்பாட்டு வண்டி போய்த் திரும்பியும் வந்துவிட்டது. வைத்தியர் தலையை ஆட்டினா. வலது முழங்காலைப் பிடித்து, மெதுவாக அமத்தி, இதுவா என்று கேட்டா.

"வி" என்றார் அப்பா.